தட்டைப் பிரிச்சு வெச்சாச்சு, அத்தையோட இருமலை யாரு பாத்தா?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எழுதின லெட்டர் இது. ஆளு யாருன்னு தெரியக்கூடிய விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்க வீட்டுக்காரருக்கு 34 வயசு, பனியன் கம்பெனியில ஓவர்லாக் தைக்கிறவர். மூணு மாசமா இருமல், சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி வேர்த்து ஊத்துது, ஆளு இளைச்சுக்கிட்டே போயிருக்கார், மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிச்சே காலத்தை ஓட்டியிருக்காங்க. கடைசியில ஜிஎச்ல சளி டெஸ்ட் எடுத்து நுரையீரல் டிபின்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சு இப்ப அஞ்சு வாரம் ஆச்சு. வீட்டுல நாலு வயசுப் பையன், அஞ்சு மாசக் கைக்குழந்தை, சுகர் இருக்கிற மாமியார். டிபின்னு தெரிஞ்ச அன்னைக்கே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு. தட்டு மாறிடக் கூடாதுன்னு விளிம்புல சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சிருக்காங்க, மூணு வேளையும் அதை மஞ்சத்தூள் போட்ட கொதிதண்ணியில முக்கி எடுக்கிறாங்க. அவரை சாமான் வெக்கிற சின்ன ரூமுக்கு மாத்தியாச்சு, அதுக்கு ஜன்னல் கிடையாது, கதவையும் சாத்தியே வெக்கிறாங்க. பையன் அந்தக் கதவுகிட்ட நின்னு "அப்பா, வெளிய வா"ன்னு அழறானாம்.

அவங்க கேட்டது இது. தட்டு, துணி வழியா குழந்தைங்களுக்கு வந்துடுமா? தாய்ப்பாலை நிறுத்தணுமா? மாமனாரும் 9 வருஷம் முன்னாடி இதே நோய்லதான் போனார், அப்ப இது பரம்பரையா? எங்க அம்மா குழந்தைங்களைக் கூட்டிட்டு ஆறு மாசம் ஊருக்கு வந்துடுன்னு கூப்பிடறாங்க, போகட்டுமா? நல்லா இருக்கிற குழந்தைங்களுக்கும் மாத்திரை குடுக்கணும்னு நர்ஸ் சொல்றாங்க, குடுக்கலாமா? அவருக்கு மூணு கிலோ ஏறிடுச்சு, இருமலும் நின்னுடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டு வேலைக்குப் போறேங்கிறார், என்ன செய்ய?

இதுக்கு நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்காங்க. "அத்தைக்கும் ஒரு மாசத்துக்கு மேல இருமல்தான், ஆனா அது வயசான இருமல், அதனால பையனை இப்ப அவங்ககூடத்தான் படுக்க வெக்கிறேன்."

ம்மா, நான் முப்பது வருஷமா நெஞ்சு நோய் பாக்கிற டாக்டர். உங்க லெட்டர்ல மத்த எல்லாத்தையும் விட என்னைப் பதற வெச்சது அந்த ஒரு வரிதான். உங்க வீட்டுல இன்னைக்கு தேதியில ஆபத்து குறைஞ்ச ஆளைக் கதவைச் சாத்தி உள்ள வெச்சிருக்கீங்க, இன்னும் டெஸ்டே எடுக்காம இருமிக்கிட்டு இருக்கிற ஆளுகூட குழந்தையைப் படுக்க வெச்சிருக்கீங்க. உங்க மேல தப்பு சொல்றதுக்காக எழுதலை, நோய் எந்த வழியா போகுதுன்னு உங்களுக்கு யாரும் உக்காந்து சொல்லலை, அவ்வளவுதான். சொல்லியிருந்தா நீங்களே சரியா செஞ்சிருப்பீங்க, தட்டுல புள்ளி வெக்கிற அளவுக்கு கவனமா இருக்கிறவங்க நீங்க.

கிருமி போற பாதை

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பாதை இருக்கு, அந்தப் பாதையை விட்டா அதால அடுத்த ஆளுக்குப் போக முடியாது. காலரா தண்ணி வழியாவும் சாப்பாடு வழியாவும் போகும், அதுக்கு கொதிக்க வெச்ச தண்ணிதான் மருந்து மாதிரி. டெங்குவுக்கு கொசு வேணும், கொசு இல்லாம டெங்கு ஆளுகூட ஒரே பாயில படுத்தாலும் வராது. சொறி சிரங்கு தோலோட தோல் ஒட்டினா போகும், அதே துணி, பாய் வழியாவும் போகும். நீங்க இப்ப செய்யறது எல்லாம் காலராவுக்கும் சிரங்குக்கும் செய்ய வேண்டிய வைத்தியம், உங்க வீட்டுக்கு வந்திருக்கிறது டிபி.

நுரையீரல் டிபி காத்து வழியாத்தான் ஒரு ஆள்கிட்ட இருந்து இன்னொரு ஆளுக்குப் போகுது. ஓட்டு வீட்டுல கண்ணாடி ஓடு வழியா வெயில் கம்பி மாதிரி இறங்கும் பாத்திருப்பீங்க, அதுக்குள்ள தூசி மேலயும் கீழயும் மிதந்துக்கிட்டே இருக்கும், கீழ விழவே விழாது. நோய் முத்தின ஆள் இருமும்போதும் சத்தமா பேசும்போதும் வெளிய வர்ற துளியில பெருசெல்லாம் தரையில விழுந்துடும், சின்னது காத்துலயே காஞ்சு, அந்தத் தூசியை விடவும் பொடிசா, கண்ணுக்கே தெரியாம மணிக்கணக்கா மிதக்கும். அதை மூச்சுல இழுத்தா நுரையீரலோட அடி ஆழத்துல இருக்கிற காத்துப் பை வரைக்கும் போய் உக்காரும். டிபி கிருமிக்கு வேண்டிய இடம் அதுதான். தட்டுல, சட்டையில, சோப்புல ஒட்டினது திரும்ப எழும்பி அவ்வளவு பொடிசா காத்துல கலக்காது, அதனால உங்க நெயில் பாலிஷ் புள்ளியை இன்னைக்கே அழிச்சுடலாம். சாதாரணமா சோப்புப் போட்டு விளக்கி வெயில்ல கவுத்து வெச்சா போதும்.

இது வாய்ப் பேச்சு கிடையாது. 1950கள்ல அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல ரைலி, வெல்ஸ்னு விஞ்ஞானிங்க ஒரு சோதனை செஞ்சாங்க. ஆறு பேர் படுக்கிற ஒரு டிபி வார்டு, அந்த வார்டுக்குள்ள இருக்கிற காத்தை மட்டும் குழாய் வழியா மேல கொண்டுபோய் அங்க கூண்டுல இருந்த கினி எலிங்க மேல விட்டாங்க. எலிங்க நோயாளியைத் தொடலை, தட்டைத் தொடலை, துணியைப் பாக்கலை, ஆனாலும் நோய் வந்துச்சு. அதே காத்துல கிருமியைக் கொல்ற புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அனுப்பின இன்னொரு கூண்டு எலிங்களுக்கு வரலை. அதுலயே தெரிஞ்ச இன்னொரு விஷயம், மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச நோயாளிங்ககிட்ட இருந்து எலிங்களுக்குத் தொத்தினது ரொம்பவே கம்மி.

அந்தக் கடைசி விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். சரியான மருந்து தினமும் ஒழுங்கா உள்ள போனா ரெண்டு வாரத்துக்குள்ளயே பரப்புற சக்தி பெரும்பாலானவங்களுக்கு ரொம்ப இறங்கிடும். உங்க வீட்டுக்காரர் அஞ்சு வாரம் முடிச்சிருக்கார். ஆனா ரெண்டு வாரம்ங்கிறது எல்லாருக்கும் அப்படியே பொருந்துற கெடு கிடையாது, மருந்து கேக்காத டிபியா இருந்தா இந்தக் கணக்கே மாறிடும். அதனால ஒரு வேலை செய்யுங்க, அவரோட முதல் சளி டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து "ரிஃபாம்பிசின்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. அந்த மருந்துக்கு எதிர்ப்பு இல்லைன்னு போட்டிருந்தா நிம்மதியா இருங்க. அந்த டெஸ்டே எடுக்கலைன்னாலோ, எதிர்ப்பு இருக்குன்னு இருந்தாலோ மறுநாளே ஜிஎச் போய் டாக்டர்கிட்ட பேசுங்க.

அந்த இருட்டு ரூம்

ஜன்னல் இல்லாத ரூம்ல கதவைச் சாத்தி ஒரு டிபி நோயாளியை வெக்கிறது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. சாப்பாடு குடுக்க நீங்க அந்தக் கதவைத் திறந்து உள்ள போறீங்க பாருங்க, முதல் ரெண்டு வாரம் அந்த வீட்டுலயே கிருமி அதிகம் நின்ன காத்து அதுக்குள்ளதான் இருந்திருக்கும், அதைத்தான் நீங்க மூச்சுல இழுத்திருப்பீங்க, அதுவும் கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு.

அவர் வெளிய வரட்டும். திண்ணையோ, முன் ரூமோ, ஜன்னலும் கதவும் எதிரெதிர இருக்கிற இடத்துல படுக்கட்டும். உங்க வீட்டுல எந்த ரூம்ல காத்து ஓடுதுன்னு தெரியணுமா, நான் வீடுகளுக்குப் போறப்ப செய்யற வேலை ஒண்ணு சொல்றேன். அவரும் குழந்தைங்களும் வெளிய இருக்கிறப்ப ஒரே ஒரு ஊதுபத்தி ஏத்தி ரூம் நடுவுல வெச்சு புகை எங்க போகுதுன்னு பாருங்க, பாத்து முடிச்சதும் அணைச்சுடுங்க. புகை ஜன்னலைப் பாத்து நேரா இழுத்துட்டுப் போச்சுன்னா அது நல்ல ரூம். உத்தரத்துக்குக் கீழ பாய் விரிச்ச மாதிரி தொங்கிக்கிட்டு நின்னா, இருமலும் அப்படித்தான் நிக்கும்னு வெச்சுக்கங்க. ரெண்டு மாச முடிவுல சளி டெஸ்ட் எடுப்பாங்க, அது வரைக்கும் குழந்தைங்க பக்கத்துல வரும்போது அவர் மாஸ்க் போட்டுக்கட்டும், இருமல் வந்தா துண்டை வாயில வெச்சுக்கட்டும், கண்ட இடத்துல துப்பாம இருக்கட்டும். பையன் அப்பா மடியில உக்காரலாம்மா. தனியா சாப்பிட வெக்காதீங்க, அஞ்சு வாரமா அந்த மனுஷன் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பிள்ளை அழறதைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டிருக்கார்.

பரம்பரையா?

இல்லை. ஆனா உங்க சந்தேகத்துக்கு காரணம் இருக்கு. டிபி கிருமி உள்ள போன உடனே நோய் வந்துடாது, பத்து பேருக்குள்ள போச்சுன்னா வாழ்நாள் முழுக்க எடுத்துக்கிட்டாலும் அதிகம் போனா ஒருத்தருக்குத்தான் நோயா மாறும். மிச்ச பேருக்குள்ள அது வருஷக்கணக்கா தூங்கிட்டே இருக்கும், அப்ப அவங்களால யாருக்கும் பரவாது. சுகர், சத்துக் குறைவு, எச்ஐவி, குடி, புகை, வயசுன்னு உடம்பு தளர்ற நேரம் பாத்து எழுந்திரிக்கும். சுகர் இருக்கிறவங்களுக்கு அந்த வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு.

இப்ப உங்க மாமனாரை நினைச்சுப் பாருங்க. அவர் நோயா இருந்தப்ப அவர் பக்கத்துல படுத்து எழுந்து பணிவிடை செஞ்சது உங்க அத்தை. உங்க வீட்டுக்காரரும் அதே வீட்டுலதான் இருந்திருக்கார். ஒரே கூரைக்குக் கீழ ஒரே காத்தை இழுத்தவங்களுக்கு அடுத்தடுத்து வர்றதைப் பாத்துட்டுத்தான் நம்ம சனங்க பரம்பரைன்னு சொல்லிட்டாங்க. அத்தைக்கு இருக்கிறது டிபின்னு நான் சொல்லலை, சாதா நெஞ்சுச்சளியாவும் இருக்கலாம். ஆனா ரெண்டு வாரத்தைத் தாண்டின இருமலை வயசு மேல போட்டு விடக்கூடாது, அதுலயும் வீட்டுல ஒருத்தருக்கு டிபி இருக்கு, சுகரும் இருக்கு. அதுல டிபின்னே வந்தாலும் மகனுக்கு அம்மா குடுத்தாங்களா, அம்மாவுக்கு மகன் குடுத்தானான்னு கணக்குப் பாக்க உக்காந்துடாதீங்க, அந்தப் பேச்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அத்தை டெஸ்டுக்கே வர மாட்டாங்க.

குழந்தைங்களுக்கு மாத்திரை

நர்ஸ் சொன்னது சரி, கண்டிப்பா குடுங்க. அஞ்சு வயசுக்குக் கீழ, அதுலயும் ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு கிருமி உள்ள போனா நோயா மாறுற வாய்ப்பு பெரியவங்களை விட பல மடங்கு, அதுவும் சில நேரம் மூளைக்காய்ச்சலா வந்துடும், ரொம்ப வேகமா போயிடும். "பிறந்ததுமே பிசிஜி போட்டாச்சே"ன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஊசி குழந்தைங்களை மூளை டிபியில இருந்து நல்லாவே காப்பாத்துது, ஆனா முழு கேடயம் கிடையாது. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபியை அது தடுக்கலைங்கிறதை நம்ம செங்கல்பட்டு பக்கம் 1968ல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுலயே பாத்தாச்சு. கை மேல தழும்பு இருக்குன்னு மாத்திரையை விட்டுடாதீங்க.

முதல்ல ரெண்டு பேரையும் டாக்டர் பாக்கணும். இருமல், காய்ச்சல், எடை ஏறாம நிக்கிறது, விளையாடாம சோர்ந்து கிடக்கிறது, இதெல்லாம் இருந்தா முதல்ல நோய் இருக்கான்னு தேடணும். எதுவும் இல்லைன்னா தடுப்பு மாத்திரை. கைக்குழந்தைக்கு ஐசோநையாசிட்னு ஒரு மாத்திரை, எடைக்கு ஏத்த அளவுல தினமும் 6 மாசம். பையனுக்கு அதையே குடுக்கலாம், இல்லைன்னா ரெண்டு வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு வாரம் ஒரு தடவைன்னு 12 வாரம் குடுக்கிற கூட்டு மாத்திரையும் இருக்கு, உங்க ஊர்ல எது கிடைக்குதோ டாக்டர் சொல்வார். 2021க்கு அப்புறம் இந்தத் தடுப்பு மாத்திரை வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கும் உண்டு, அதனால உங்களையும் செக் பண்ணுவாங்க, இலவசம்தான். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிடறீங்கன்னா அதைச் சொல்லிடுங்க, சில டிபி மருந்து அதோட வேலையைக் கெடுத்துடும். யாருக்காவது மஞ்சக் காமாலை மாதிரி கண்ணு மஞ்சளாச்சுன்னா, வாந்தி நிக்காம வந்துச்சுன்னா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க.

தாய்ப்பாலை ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க. பால் வழியா டிபி போகாது, நீங்க தடுப்பு மாத்திரை சாப்பிட்டாலும் குடுக்கலாம், பி-6 வைட்டமின் சேத்துக் குடுப்பாங்க. பையனைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலாம். சின்னக் குழந்தைங்க பொதுவா டிபியைப் பரப்ப மாட்டாங்க, அவங்களுக்கு இருமிக் கிருமியை வெளிய தள்ளுற அளவுக்கு வேகம் கிடையாது. ஒரு குழந்தைக்கு டிபி வந்துச்சுன்னா நாங்க அதைச் சுத்தி இருக்கிற பெரியவங்களைத்தான் தேடுவோம்.

ஊருக்குப் போகலாமா?

உங்க அம்மா பாசத்துல கூப்பிடறாங்க, புரியுது. ஆனா தொத்துற காலம்னு இருந்தது டிபின்னு தெரியறதுக்கு முன்னாடி அவர் இருமிக்கிட்டு இருந்த அந்த மூணு மாசம், அது முடிஞ்சு போச்சு. இப்ப கிளம்பினா அந்த மூணு மாசம் திரும்பி வரப் போறதில்லை, அதுக்கு மாறா குழந்தைங்க மாத்திரை அங்க யார் குடுப்பாங்கன்னு தெரியாம விட்டுப் போகும், இங்க அவரும் தனியா உக்காந்து மாத்திரையை நிறுத்திடுவார். நான் பாத்த வரைக்கும் மாத்திரையை நடுவுல விட்டவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல ஆள் இல்லாதவங்க.

1956ல நம்ம சென்னையிலயே இதே கேள்வியை வெச்சு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, இப்ப சேத்துப்பட்டுல இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் அப்படித்தான் உருவாச்சு. நெருக்கமான வீடுகள்ல இருந்த ஏழை நோயாளிங்களை எடுத்து, பாதிப் பேரை சானடோரியம்னு டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் வெச்சாங்க, பாதிப் பேருக்கு வீட்டுலயே மாத்திரை குடுத்தாங்க. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்ததுல அவங்க குடும்பத்துக்கு டிபி கூடுதலாவும் வரலை. உலகம் முழுக்க டிபி நோயாளியை வீட்டுல வெச்சே வைத்தியம் பாக்கிற வழக்கம் வந்ததுக்கு நம்ம ஊர்ல நடந்த அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அப்படியும் ஒரு பத்து நாள் அம்மா வீட்டுல இருந்தா உங்களுக்கு மனசு ஆறும்னா போயிட்டு வாங்க, குழந்தைங்களுக்கு செக்கப் முடிச்சு மாத்திரையைக் கையில வாங்கிட்டுப் போங்க.

அவர் வேலையும் மாத்திரையும்

மூணு கிலோ ஏறினது மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. வேகமா பெருகுற கிருமி முதல் வாரங்கள்லயே செத்துடும், மெதுவா இருக்கிறது பதுங்கிக் கிடக்கும், மீதி மாசங்க எல்லாம் அதுக்காகத்தான். இப்ப விட்டா அது திரும்ப கிளம்பும், மருந்து கேக்காத ஜாதியா கிளம்பவும் வாய்ப்பு இருக்கு, அப்ப அவர் உங்க குழந்தைங்களுக்குக் குடுக்கிறதும் அந்தக் கிருமியைத்தான். இதை அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போறதைப் பாத்து பயந்திருந்தா அது ரிஃபாம்பிசினோட கலர், கெடுதல் இல்லை. இந்த ஆறு மாசம் மதுவைத் தொடவே கூடாது, ஈரல் தாங்காது.

உடம்புல தெம்பு இருந்தா, டாக்டர் பாத்து சரின்னு சொன்னா, அவர் மாத்திரையை விடாமலே வேலைக்குப் போகலாம். இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு வேணும்னா அவருக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறாங்களான்னு சம்பளச் சீட்டுல பாருங்க. பிடிச்சா, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் நோய்க்கால உதவியா வரும். டிபி நீண்டகால நோய் லிஸ்ட்லயும் இருக்கு, ரெண்டு வருஷ சர்வீஸ் இருந்து சந்தா நாளும் சரியா இருந்தா அதுக்கு மேலயும் 80 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். பல தொழிலாளிங்களுக்கு இது தெரியறதே இல்லை, கம்பெனிக்குத் தெரிஞ்சா போச்சுன்னு மறைச்சு, நடுவுல மாத்திரை வாங்கப் போக லீவு கேக்க முடியாம விட்டுடறாங்க. இது போக, நிக்ஷய்ங்கிற அரசாங்க டிபி பதிவுல பதிஞ்ச ஒவ்வொரு நோயாளிக்கும் சத்துணவுக்குன்னு மாசம் 1000 ரூபாய் பேங்க்ல போடணும், 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500ஆ இருந்துச்சு. வரலைன்னா டிபி யூனிட்ல பேங்க் புக்கோட போய்க் கேளுங்க, 1800-11-6666க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

அந்தக் காசை அவருக்கு மட்டும் முட்டை வாங்கறதோட முடிச்சுடாதீங்க. ஜார்க்கண்ட்ல டிபி நோயாளியோட வீட்டு ஆளுங்களுக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, 2023ல முடிவு வந்துச்சு. வீட்டுல மத்தவங்களுக்குப் புதுசா டிபி வர்றது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சிருக்கு. உங்களையும் சேத்துத்தான் சொல்றேன், பால் குடுக்கிற உடம்பு, அஞ்சு வாரமா எல்லாருக்கும் பரிமாறிட்டு மிச்சத்தைத்தான் சாப்பிட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

இனி முதல் வேலை. இன்னைக்கு ராத்திரி பையனை உங்க பக்கத்துல படுக்க வெச்சுக்கங்க, அத்தைக்கு ஜன்னலோரமா பாய் போடுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்களும் மாஸ்க் போடட்டும். நாளைக்கே ஜிஎச்ல சளி டப்பா ரெண்டு வாங்குங்க, ஒண்ணுல அங்கயே எடுத்துக் குடுக்கணும், இன்னொண்ணுல மறுநாள் காலையில எழுந்ததும் வாய் கொப்புளிச்சுட்டு எடுக்கணும். எச்சில் வேண்டாம், நெஞ்சுல இருந்து இருமி வர்ற கெட்டிச் சளி வேணும்னு சொல்லிக் குடுங்க, வெட்ட வெளியில நின்னு எடுக்கச் சொல்லுங்க. கூடவே எக்ஸ்ரேவும் சுகர் டெஸ்டும். வர மாட்டேன்னு சொன்னாங்கன்னா "பேரன் உங்ககூடவே படுக்கணும்ல அத்தை, அதுக்காக ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்"னு கூப்பிடுங்க. ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கம்மா.